நாரை வீட்டு வாசலில் சேதிக்கட்டை

சவேத்தாவுக்கு உட்கார்ந்து சாப்பிட வராது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் சன்னலுக்கும் இடையே நடந்தபடியேதான் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் எல்லாரும் பாதிரியாரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக் கட்டிலை அடிக்கடி இடம் மாற்றிப் போடுவாள். அந்தக் கட்டிலுக்கு அடியில் ஒரு பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கும்.

ருமேனியாவில் வர்தேனி என்ற அந்த ஊரில் அவளுக்கு நாரை என்று பெயர். அந்த ஊரில் கரண்டுக் கம்பத்துக்குக் கம்பம் நாரைக் கூடு உண்டு. "மத்த நாரையெல்லாம் வசந்தத்துல வந்து சேரும். நம்ம நாரை வசந்தத்துலதான் கிளம்பும்" என்று ரொட்டிக் கடை வாசலில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்குக் கோபம் வந்ததில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு இத்தாலிக்குப் போனாள். பிரேசியாவில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கும் வேலை. பிறகு ஜெர்மனியில் சில வசந்தங்கள், குனிந்த முதுகு நிமிராமல் அஸ்பாரகஸ் என்ற காய்கறிக் குருத்து வெட்டினாள். அங்கே போனால் இங்கே நினைப்பு. இங்கே வந்தால் கால் தரையில் பாவாது.

அம்மா செத்தபோது அவள் பிரேசியாவில் இருந்தாள். பஸ் மாறிப் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சமையலறையில் இழவுச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவித் துடைத்து அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. குழி யார் வெட்டினார்கள், பெட்டியை யார் தூக்கினார்கள் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. தெருச்சங்கம் செய்திருக்கும். வேறு யார் செய்வார்கள்?

வர்தேனியில் தெருவுக்கு ஒரு சங்கம். ஜெர்மன்காரர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறியபோது வைத்த ஏற்பாடு அது. அவர்கள் பெட்டி படுக்கையோடு ஜெர்மனிக்குப் போய்விட்ட பிறகு, அந்த வீடுகளில் குடிவந்த ருமேனியர்கள் வீட்டோடு சேர்த்து வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சாக்கடை தூர்வாருவது, சாவு, கல்யாணம், எதுவானாலும் சேதிக்கட்டை வரும். அக்ரூட் மரத்தில் மீன் வடிவில் செதுக்கிய, கைக்கு அடங்கும் கட்டை. பல கைகள் பட்டு அதன் செதிலெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். கட்டையை வாங்கியவர் சேதியைக் காதில் வாங்கிக்கொண்டு, உடனே அடுத்த வாசலுக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, சேதியைச் சொல்ல வேண்டும். கட்டை எந்த வீட்டிலும் உறங்கக் கூடாது. சமையல் கருகினாலும் சரி, முதலில் கட்டை.

ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கட்டை தாண்டிப் போய்விடும். அப்படித் தாண்டப்பட்ட வீடு சங்கத்தில் இல்லை. அந்த வீட்டில் சாவு விழுந்தால் மண்வெட்டி தூக்கி யாரும் வர வேண்டியதில்லை.

தவக்காலத்துக்கு முன்னால் நடந்த சங்கக் கூட்டத்தில் வலேர் இதைத்தான் சவேத்தாவிடம் கேட்டார். வலேர் தெருவுக்குத் தலைவர். தெருத்தகப்பன் என்று அழைப்பார்கள்.

"இந்தா சவேத்தா, நீ பாட்டுக்குப் போற, வர்ற. நீ இல்லாதப்ப உன் வாசல்ல கட்டையை யார் கையில குடுக்கறது? ஒரு கை சொல்லு. இல்லேன்னா சொல்லு, தாண்டிடறோம்."

"யோசிச்சு சொல்றேன் மாமா."

"போன வருசமும் இதையேதான் சொன்ன."

"போன வருசம் யோசிக்க ஆரம்பிச்சேன். இன்னும் முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். வலேர் சிரிக்கவில்லை. "நீ கிளம்பறதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்" என்றார்.

பதில் சொல்லாமலே கிளம்பிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆஸ்திரியாவில் மலைமேல் ஒரு ஓட்டலில் முன்வாசல் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருந்தது. குனிந்து வெட்டும் வேலையில்லை. நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் பேசும் வேலை. அவளுக்கு இத்தாலியன் வரும், ஜெர்மன் வரும். ஊரின் குன்றுமேல் இருந்த மதில் சூழ்ந்த பழைய தேவாலயத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது. வருகிற வெளியூர்க்காரர்களுக்குக் கதவைத் திறந்து காட்டிக் காட்டி இங்கிலீஷும் ஓரளவு வந்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "எவ்வளவு அமைதி! நீங்கள் கொடுத்துவைத்தவர்." சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டு அவள் மதில் ஓரத்தில் மேலும் கீழும் நடப்பாள்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் சாவு மணி அடித்தது. தெருக்கோடியில் தனியாக இருந்த இலாரி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்கள் ஸ்பெயினில்.

காலையில் அவள் பையை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அடுத்த வீட்டு லியோந்தினா கையில் மீனோடு நின்றாள்.

"சவேத்தா! கட்டை வந்திருக்கு. இலாரிக்கு நாளைக்கு அடக்கம். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள குழி வெட்டி ஆகணும். முறை உன் வாசல்லேர்ந்து நாலு வீடு."

"என் வாசலா? அக்கா, நான் இதோ பஸ்ஸுக்குப் போறேன்."

"அதை மீன்கிட்ட சொல்லு, என்கிட்ட ஏன் சொல்ற?"

"எப்பவும் என் வீட்டுக்காக இலாரி மாமாதானே வெட்டுவாரு..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லியோந்தினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா. இந்தத் தடவை அவரால வர முடியாது பாரு."

வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத சவேத்தாவுக்காக அவள் அம்மா போன நாளிலிருந்து இலாரிதான் மண்வெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. திரையான் மகனிடம் கேட்டுக்கொள்ளலாம், அடுத்த வாசல் திரையான் வீடுதானே என்று சவேத்தா நினைத்தாள். கட்டையை வாங்கிக்கொண்டு தேவாலயச் சாவியை லியோந்தினாவிடம் நீட்டினாள். முழங்கை நீளமுள்ள இரும்புச் சாவி.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. ஹாலந்துக்காரப் புருஷனும் பெண்டாட்டியும். சாவி இருக்கும் வீட்டு எண்ணைத் தேவாலயக் கதவில் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்கள்.

"நீயே திறந்து விட்டுட்டுப் போயிடேன்" என்றாள் லியோந்தினா. "என் முட்டி அந்தப் படியெல்லாம் ஏறாது. சாவியைப் பூட்டுலயே விட்டுடு, பேரனை அனுப்பறேன்."

ஒரு கையில் சாவி, ஒரு கையில் மீன், தோளில் பை. சாவியைத் திருக இரண்டு கையும் வேண்டும். மீனை மேல்கோட்டுப் பையில் போட்டாள். திறந்துவிட்டு இறங்கி வரும்போது திரையான் வாசலில் கொடுத்துவிடலாம்.

ஆனால் ஹாலந்துக்காரி விடவில்லை. பன்றிக்கொழுப்புக் கோபுரம் என்கிறார்களே, அது எது என்று கேட்டாள். சவேத்தாவின் வாய் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது: ஒவ்வொரு குடும்பமும் உப்புப் போட்ட கொழுப்பைக் கொண்டுவந்து இந்தக் கொக்கியில் தொங்கவிடும், ஞாயிறுதோறும் வேண்டியதை வெட்டிக்கொண்டு, வெட்டின இடத்தில் முத்திரை குத்திவிட்டுப் போகும், அப்போதுதான் அடுத்தவன் கத்தி வைத்தால் தெரியும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே சாலையில் மினிபஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குறுக்குப் படிகளில் ஓடினாள். அந்தப் படிகள் நேரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போகின்றன. திரையான் வீடு மறுபக்கம்.

"வா வா நாரை" என்றான் டிரைவர் நுட்சு. அவளோடு படித்தவன். "இந்த வருசம் சீக்கிரமே சிறகு விரிச்சுட்ட?"

"வாயை மூடிட்டு ஓட்டு."

மினிபஸ் கிளம்பியது. சவேத்தாவுக்கு ஊர் பின்னால் போகிற அந்த நேரம் எப்போதும் பிடிக்கும். நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சு அவிழும். இன்று அவிழவில்லை. சன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தாள். பிறகு முன்னால் போய் உட்கார்ந்தாள். குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

மழுங்கிய செதில்கள் விரலில் பட்டன.

உடனே திரையானுக்குப் போன் போட்டாள்.

"திரையான் அண்ணே, இலாரி மாமா இறந்துட்டாரு."

"தெரியுமே. நேத்தே மணி அடிச்சுதே."

"இன்னைக்குக் குழி வெட்டணும். என் வாசல்லேர்ந்து நாலு வீடு முறை. நீங்களும் உண்டு."

"அப்படியா? கட்டை எங்க?"

"என்கிட்ட இருக்கு."

"நீ எங்க இருக்க?"

சவேத்தா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆட்டு மந்தை ஒன்று சரிவில் நகர்ந்துகொண்டிருந்தது. "பஸ்ல."

திரையானின் குரல் உயர்ந்தது. "கட்டையை ஊரைவிட்டே கொண்டுபோயிட்டியா? யுத்த காலத்துல கூட அது ஊர் எல்லை தாண்டல!"

"தெரியாம நடந்துபோச்சு. போன்லயே குடுத்ததா நினைச்சுக்குங்க அண்ணே. அடுத்த வீட்டுக்கும் சொல்லிடுங்க."

"போன்ல களி கிண்டறது எப்படின்னு சொல்லலாம். கட்டை குடுக்க முடியாது. நான் கட்டையில்லாமப் போய் அடுத்த வாசல்ல நின்னா, கோச்சலான் என்ன கேப்பான் தெரியுமா? 'உனக்கென்ன தெருத்தகப்பன்னு நெனப்பா'ம்பான். கூப்பிடாத வீட்டுக்குக் கல்யாணத்துக்கும் போகக்கூடாது, குழி வெட்டவும் போகக்கூடாது."

"அப்ப யாருமே வெட்ட மாட்டீங்களா?"

"மண்வெட்டியைத் தீட்டி வாசல்லயே வெச்சிருக்கேன். கோச்சலானும் வெச்சிருக்கான், இங்கேர்ந்தே தெரியுது. கட்டை வரட்டும்."

போனை வைத்துவிட்டான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலிருந்தது. மதியம் சிபியூ நகரத்தில் ஆஸ்திரியா பஸ் நிற்கும். அதை விட்டால் மேசை வேலை வேறொருத்திக்கு. எதிரே வருகிற வண்டியில் கட்டையைக் கொடுத்தனுப்பலாமா? யாரோ ஒரு டிரைவர் கையிலிருந்து திரையான் அதை வாங்கவே மாட்டான். மண்வெட்டிகள் வாசல்வாசலாகச் சாய்ந்து நிற்பதும், மனிதர்கள் தெருவைப் பார்த்துப் பார்த்து உள்ளே போவதும் அவள் கண்முன் வந்தது. கோடி வீட்டில் இலாரி கைகட்டிப் படுத்திருப்பார்.

"நுட்சு, நிறுத்து."

"இங்கயா? இங்க ஆடுதான் இறங்கும்."

"நிறுத்துடா!"

நிறுத்தினான். அவள் குதித்து இறங்கினாள். கதவு மூடி மினிபஸ் நகர்ந்த பிறகுதான் பை உள்ளேயே இருப்பது உறைத்தது. கத்தினாள். நுட்சு ஹாரன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

சேற்றுச் சாலையில் அவள் ஊரை நோக்கி நடந்தாள், பாதி ஓட்டம், பாதி நடை. வளைவில் ஹாலந்துக்காரர்களின் கார் எதிரே வந்தது. அவளைப் பார்த்ததும் நின்றது.

"என்ன ஆயிற்று?" என்று அந்தப் பெண் பதறினாள்.

சவேத்தா மீனை எடுத்துக் காட்டினாள். இதை எப்படி விளக்குவது? "இதை ஒருவரிடம் கொடுக்க மறந்துவிட்டேன்" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புருஷன் காரைத் திருப்பினான். வழியெல்லாம் அந்தப் பெண் மலைகளைக் காட்டி, "இந்த அமைதி..." என்று ஆரம்பித்தாள். சவேத்தாவின் இரண்டு கால்களும் காரின் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

தெருமுனையில் இறங்கி நேரே திரையான் வாசலுக்குப் போனாள்.

"திரையான்!" முறைப்படி பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "கட்டை வந்திருக்கு. இலாரிக்கு நாளைக்கு அடக்கம். இன்னைக்குக் குழி. முறை என் வாசல்லேர்ந்து நாலு வீடு."

திரையான் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கெல்லாம் போயிட்டு வந்த?" என்று மீனிடம் கேட்டான். பிறகு, எதிரிலேயே மண்வெட்டியும் கையுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கோச்சலானின் வாசலுக்கு நடந்துபோய், ஒன்றுமே தெரியாதவன்போல், "கோச்சலான்! கட்டை வந்திருக்கு" என்று கத்தினான். கோச்சலானும் திடுக்கிட்டவன்போல் திரும்பி, "யாரு, என்ன சேதி?" என்றான்.

மீன் வாசல்வாசலாகக் கோடிவரை போயிற்று. நாய்கள் குரைத்தன, கதவுகள் திறந்தன. பெண்கள் இலாரி வீட்டுக்கு, இழவுப் பலகாரம் செய்யக் கோதுமையும் சர்க்கரையும் அக்ரூட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கட்டை ஓடியதும் தெருவே ஓடியது.

"உன் வீட்டுக்கு யார் வெட்டறது?" என்று திரையான் திரும்பி வந்து கேட்டான்.

"உங்க பையன்..."

"என் பையன் என் வீட்டுக்கு. எனக்கு முதுகுவலி."

சவேத்தா உள்ளே போய் அம்மாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தாள்.

"பொம்பளை குழி வெட்டறதா?" என்றான் கோச்சலான், கல்லறைத் தோட்டத்து வாசலில்.

வலேர் அங்கே கோலோடு நின்றார். "வீட்டுக்கு ரெண்டு கைன்னுதான் முறை. கை யாரோடதுன்னு முறையில இல்ல" என்றார். சவேத்தாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. வழக்கம்போல வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"சவேத்தா வீடு?"

எல்லாரும் சட்டென்று ஒரு பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"வந்துட்டேன்" என்றாள் சவேத்தா.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேலை தொடங்கிய பிறகுதான் திரையானின் மகன் அவளிடம் சொன்னான்: "உங்க வீட்டுப் பேர் கூப்பிட்டா இலாரி தாத்தாதான் பதில் சொல்வாரு. பொம்பளைக் குரல்ல, மெல்லிசா, 'வந்துட்டேன்'னு. ஒவ்வொரு தடவையும். பாதிரியாரு கூட சிரிச்சுடுவாரு."

மேல்மண் இன்னும் உறைந்து கிடந்தது. கீழே களிமண், வெட்ட வெட்ட மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு நின்று மூச்சுவிடத் தெரியவில்லை. மற்றவர்கள் மாறி மாறி இளைப்பாற, அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். "மெதுவா, மெதுவா. அவரு எங்கயும் ஓடிடமாட்டாரு" என்றான் கோச்சலான். அப்போதுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், முகமெல்லாம் களிமண்.

சாயங்காலம் நுட்சு பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். "நீ போகாட்டியும் உன் பை சிபியூ பார்த்துட்டு வந்துடுச்சு" என்றான். போன் அடித்தது. வேலை பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுப் பெண். மேசை வேலை போய்விட்டது. அதே மலையில் இன்னொரு ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமாம். வாரக் கடைசி பஸ்ஸில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சவேத்தா வாசலிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து வாசலுக்கும் நடந்தாள். பிறகு, வருகிறேன் என்று சொன்னாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து சாப்பாட்டு மேசையில் வலேர் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"போறியா?"

"போறேன் மாமா. இருக்க முடியல. முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்."

"போறதை யாரும் தப்புன்னு சொல்லல. தாண்டிடட்டுமா?"

அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். அந்த மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதை அப்போதுதான் லியோந்தினா கவனித்தாள்.

"தாண்ட வேண்டாம்."

"அப்ப யார் கை?"

சவேத்தா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். இலாரி இல்லை. லியோந்தினாவுக்கு முட்டி. யாரிடம் கேட்பது? எந்த முகத்தோடு கேட்பது? கட்டையை ஊரைவிட்டுக் கொண்டுபோனவள் ஆயிற்றே. யாரோ பிளம் சாராயம் ஊற்றினார்கள்.

"என்ன எல்லாரும் என்னைப் பார்க்கறீங்க?" என்று எரிந்து விழுந்தான் திரையான். உண்மையில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. "அடுத்த வாசல் என்னுது. லியோந்தினாகிட்ட இடது கையில வாங்கி, என் வலது கையிலயே குடுத்துக்கறேன். மண்வெட்டிக்குப் பையன் இருக்கான். ஆனா அந்தக் குரல்ல எல்லாம் என்னால பேச முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"முறையில குரல் இல்ல" என்றார் வலேர்.

வாரக் கடைசியில் அவள் போனாள். மினிபஸ் கிளம்பும்போது நுட்சு, "கோட்டுப் பையைப் பார்த்துக்கோ" என்றான். அவள் நிஜமாகவே பார்த்தாள்.

ஆஸ்திரியாவில் சமையலறைக்குச் சன்னல் சின்னது. அதன் வழியாகக் குப்பைத் தொட்டியும் ஒரு துண்டு மலையும் தெரியும். இந்த ஓட்டலின் வரவேற்பு மேசைக்காரியின் செருப்புச் சத்தம் மேலே கேட்கும்போதெல்லாம் அவள் கை தட்டை அழுத்தித் தேய்க்கும். நாரைகள் வந்து சேர்ந்த வாரத்தில் லியோந்தினா போன் போட்டாள்.

"சாக்கடை தூர்வாரக் கட்டை வந்துது. திரையான் என்ன பண்ணான் தெரியுமா? உன் வாசல்ல வந்து நின்னுகிட்டான். நான், 'சவேத்தா!'ன்னு கூப்பிட்டேன். அக்கம்பக்கம் பார்த்தான். அப்புறம் மெல்லிசா, 'வந்துட்டேன்'னான்."

"நிஜமாவா?"

"கேளு. கட்டையை வாங்கிட்டு அவன் வாசலுக்கு ஓடினான். அங்க நின்னு, 'திரையான்!'னு அவனே கத்தினான். அவனே, 'யாரு, என்ன சேதி?'ன்னான். தெருவே வேலியில சாஞ்சு பார்த்துட்டிருக்கு. அவன் பெண்டாட்டி தலையில முக்காட்டைப் போட்டுட்டு உள்ள போயிட்டா."

சவேத்தா ஈரக் கையோடு போனைப் பிடித்தபடி சன்னலுக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெளியே மேலாளர் தட்டுக் கேட்டுக் கத்தினார்.

"அக்கா" என்றாள் அவசரமாக, "அடுத்த கட்டை எப்ப வரும்?"

"யாராவது செத்தா வரும். உனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, சவேத்தா மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.